எதிர்க்காற்றும் பின்காற்றும்

சோளகம் பிடித்துவிட்டால் பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் சைக்கிள் மிதிப்பவர்களை இரண்டு கோலங்களில் காணலாம். உடையார்கட்டிலிருந்து விசுவமடுப் பக்கம் போகிறவர் காற்றுக்கு முகங்கொடுத்து, உடம்பைக் கைபிடிமேல் கவிழ்த்து, ஒவ்வொரு மிதிக்கும் தொடையின் பலம் முழுவதையும் கொடுக்கிறார். புதுக்குடியிருப்புப் பக்கம் போகிறவரின் முதுகை அதே காற்று தள்ளிவிடுகிறது. சைக்கிள் தன்பாட்டில் ஓட, கால்கள் பெடலைத் துரத்திப் பிடிக்கவேண்டியிருக்கிறது. முதலாமவர் நிறையப் பலம் கொடுத்துக் குறைந்த வேகத்தில் போகிறார். இரண்டாமவருக்குத் தன் பலத்துக்கு மிஞ்சிய வேகம் கிடைக்கிறது. குறுந்தூர ஓட்டக்காரரின் வேகத்தை வளர்க்கப் பயிற்றுவிப்பாளர்கள் உலகெங்கும் கையாளும் இரண்டு வழிகளும் இவைதாம்: ஓடுகிறவரைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது ஒன்று, முன்னால் இழுத்துவிடுவது மற்றது. முன்னதைத் தடைப்பயிற்சி என்றும் பின்னதை உதவிப்பயிற்சி என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம்.

இந்தப் பயிற்சிகளைப் படங்களில் பார்க்கிறவரின் கண்ணில் முதலில் படுவது உபகரணங்கள்தாம். பாரத் தட்டுகள் ஏற்றிய இரும்புச் சறுக்குவண்டி, தோளையும் இடுப்பையும் அணைக்கும் பட்டிகள், எத்தனை கிலோ விசையோடு இழுக்கவேண்டும் என்று கணினியில் சொல்லிவைத்தால் அப்படியே இழுக்கும் மோட்டார் இயந்திரம். இதெல்லாம் கொழும்பு சுகததாச அரங்கில் ஓடுகிறவர்களுக்கு உரியது, சுண்ணாம்பால் கோடு போட்ட புல்தரையில் ஓடும் வன்னிப் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது என்ற எண்ணம் எழுவது இயல்பு. நான் அப்படி நினைக்கவில்லை. தடைப்பயிற்சிக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதி உடையார்கட்டைப் போன்ற ஒரு குளத்தூரில் ஏற்கெனவே கிடக்கிறது. குறைவாக இருப்பது அளவு பற்றிய தெளிவு. எத்தனை கிலோ இழுத்தாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தப் பாரம் உன் ஓட்டத்தை எவ்வளவு மெதுவாக்கியது என்று கேட்பவர் அரிது. பயிற்சியின் பலனும் ஆபத்தும் அந்த இரண்டாவது கேள்விக்குள்தான் இருக்கின்றன.

100 மீற்றர் ஓட்டம் வெளிப்பார்வைக்கு ஒரே மூச்சில் முடிகிற காரியம். உள்ளே அது வெவ்வேறு வேலைகளின் கோவை. 2009 ஓகஸ்டில் பேர்ளினில் உசைன் போல்ட் 9.58 செக்கனில் ஓடியபோது, 60ஆவது மீற்றருக்கும் 80ஆவது மீற்றருக்கும் இடையிலான 20 மீற்றரை 1.61 செக்கனில் கடந்தார். மணிக்கு ஏறத்தாழ 44.7 கிலோமீற்றர். அந்த உச்சத்துக்கு ஏற அவருக்கே 60 மீற்றர் தேவைப்பட்டது. கடைசி மீற்றர்களில் அவரும் சற்றே வேகம் இழந்தார். பாடசாலைப் பிள்ளையோ பெரும்பாலும் 30, 40 மீற்றருக்குள் தன் உச்சத்தைத் தொட்டுவிடும். மீதித் தூரம் அந்த வேகத்தைக் கைநழுவ விடாமல் காப்பதிலேயே போகும். ஆர்முடுகும் கட்டத்துக்கும் உச்சவேகக் கட்டத்துக்கும் தேவைப்படும் பலம் ஒன்றல்ல. புறப்பட்ட முதல் அடிகளில் பாதம் தரையில் ஏறத்தாழ 0.2 செக்கன் தங்குகிறது. தள்ளுவதற்கு அவகாசம் இருக்கிறது. உச்சவேகத்தில் அந்த அவகாசம் 0.1 செக்கனாகச் சுருங்குகிறது, தேர்ந்த ஓட்டக்காரருக்கு அதற்கும் குறைவு. கண் இமைக்கும் நேரம் என்று சொன்னால் அதுகூட நீளம்.

முதற் கட்டத்தை விளங்கிக்கொள்ள இல்லப் போட்டியின் கயிறிழுத்தலைப் பார்த்தால் போதும். நிமிர்ந்து நின்று இழுக்கும் அணி தோற்கும். உடம்பைச் சாய்த்து, குதிக்காலைப் புதைத்து, தரையைக் கிடையாகத் தள்ளும் அணி வெல்லும். கையின் பலத்தைக் காட்டிலும் கால் தரையைத் தள்ளும் திசைதான் அங்கே தீர்மானிக்கிறது. குறுந்தூர ஓட்டத்தின் முதல் 20, 30 மீற்றருக்கும் இதே விதிதான்: உடம்பு முன்னே சாயவேண்டும், கால் தரையைப் பின்னோக்கித் தள்ளவேண்டும். பலசாலியான பிள்ளைகள் பலர் இந்தத் திசையைத் தவறவிடுகிறார்கள். மூன்றாவது அடியிலேயே நிமிர்ந்து, இருக்கும் பலத்தை மேல்நோக்கி வீணாக்குகிறார்கள். உச்சவேகக் கட்டத்தின் கதை வேறு. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வெயண்டும் கூட்டாளிகளும் 2000இல் வெளியிட்ட ஆய்வில் வெவ்வேறு வேகமுடைய 33 பேரை ஓடவிட்டு அளந்தார்கள். வேகமானவர்கள் காலை விரைவாக முன்னே வீசுகிறார்கள் என்றுதான் எவரும் நினைப்போம். காலை முன்னே கொண்டுவர எடுத்த நேரம் வேகமானவருக்கும் மெதுவானவருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. வேகமானவர்கள் அந்தச் சிறு தரைத்தொடுகையில் தரையை இன்னும் பலமாக அடித்தார்கள். வேறுபாடு அதில்தான் இருந்தது. ஆக, வேகத்தை வளர்ப்பது என்றால் தரைக்குக் கொடுக்கும் விசையை வளர்ப்பது. முதலில் பின்னோக்கி, பிறகு கீழ்நோக்கி, எப்போதும் குறைந்த நேரத்துக்குள்.

இந்த விளக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ரயர் இழுப்பதைப் பார்ப்போம். ஒரு பழைய மோட்டார் சைக்கிள் ரயர், நாலைந்து மீற்றர் கயிறு, உரப்பையை மடித்துத் தைத்த இடுப்புப் பட்டி. சறுக்குவண்டி செய்யும் வேலையை இவை செய்யும். பிள்ளை இழுத்து ஓடும்போது உடம்பு தானாகச் சாய்கிறது, ஏனெனில் நிமிர்ந்தால் ரயர் நகராது. ஆசிரியர் நூறு தடவை வாயால் சொல்லியும் புரியவைக்க முடியாததை அந்தக் கயிறு ஒரே ஓட்டத்தில் புரியவைத்துவிடுகிறது. ஆனால் கிலோக் கணக்கு இங்கே ஏமாற்றும். ரயரின் எடை ஓடுகிறவரைத் தடுப்பதில்லை, அது தரையோடு உரசும் உராய்வே தடுக்கிறது. அதே ரயர் காய்ந்த புல்லில் ஒரு பாரம், கிரவலில் இன்னொரு பாரம், மழை நனைத்த மண்ணில் வேறொரு பாரம். விஞ்ஞான அறையின் விற்றராசைக் கயிற்றில் மாட்டி, நடைவேகத்தில் இழுத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானப் பாடத்துக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தோன்றவில்லை. அதையும்விட நம்பத்தக்க அளவு ஓட்டத்திலேயே இருக்கிறது. பாரம் இல்லாமல் 20 மீற்றரை 3.40 செக்கனில் ஓடும் பிள்ளை ரயரோடு 3.78 செக்கன் எடுத்தால் அதன் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அந்தப் பத்து வீதம்தான் எழுதிவைக்கவேண்டிய எண். கிலோவை மறந்துவிடலாம்.

பத்து வீதம் என்ற எல்லையைப் பயிற்றுவிப்பாளர்கள் நெடுங்காலம் வேதம்போலப் பிடித்துவந்தார்கள். அதற்கு மேல் பாரம் ஏற்றினால் ஓட்டத்தின் வடிவம் கெடும் என்பது அவர்களின் அச்சம். அது வெறும் அச்சமும் அல்ல. அவுஸ்திரேலியாவில் லொக்கியும் கூட்டாளிகளும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடலெடையின் 12.6 வீதப் பாரத்தோடும் 32.2 வீதப் பாரத்தோடும் வீரர்களை ஓடவிட்டபோது, கூடிய பாரத்தில் எட்டுநீளம் ஏறத்தாழ கால்வாசி சுருங்கியது. ஆனால் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிரான்சின் ஜான்-பெனுவா மொரான், நியூசிலாந்தின் மற் க்ரோஸ் போன்றோர் இதே கேள்வியை மறுபக்கமிருந்து கேட்டார்கள்: கால் மிகக் கூடிய வலுவை எந்தப் பாரத்தில் வெளிப்படுத்துகிறது? உச்சவேகத்தின் ஏறத்தாழப் பாதி வேகத்தில் ஓடவைக்கும் பாரத்தில் என்பதே கிடைத்த விடை. அதற்கு உடலெடையின் முக்கால் பங்குக்கும் மேலான பாரம் தேவைப்பட்டது. 2017இல் மொரானின் குழு உதைபந்தாட்ட வீரர் சிலரை உடலெடையின் 80 வீதப் பாரத்தோடு எட்டு வாரம் பயிற்றியபோது, கிடையாகத் தள்ளும் விசை நன்றாகவே கூடியது. இரு தரப்பும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றுகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. புறப்பாட்டுக்கு வேண்டிய பலம் வேறு, உச்சவேகத்துக்கு வேண்டிய பலம் வேறு என்று முதலிலேயே பார்த்தோம். பெரிய பாரம் முதல் ஐந்து, பத்து மீற்றருக்கான மருந்து. அந்தக் கட்டத்தில் ஓட்டம் இயல்பாகவே மெதுவானது, சாய்ந்தது, பாதம் தரையில் அதிக நேரம் தங்குவது. சிறு பாரம் அதற்கு அடுத்த கட்டத்துக்கானது. ஒன்றை மற்றதன் இடத்தில் கொடுத்தால்தான் வடிவம் கெடும்.

ரயருக்கு முன்பே மனிதர் அறிந்த தடை மேடு. உடையார்கட்டு என்ற பெயரிலேயே கட்டு இருக்கிறது. ஊரின் குளமும் அதன் கட்டும் அங்கே வாழ்கிறவர்களின் அன்றாடக் காட்சி. மேட்டில் ஓடு என்றவுடன் குளக்கட்டின் சரிவில் நேரே ஏறி ஓடத் தோன்றும். அது தவறு. குளக்கட்டின் பக்கச்சரிவு பொதுவாக இரண்டடி கிடைக்கு ஓரடி உயரும் அளவு செங்குத்தானது; அதில் வேகமாக ஓடமுடியாது, சிரமப்பட்டு ஏறத்தான் முடியும். கட்டின் மண்ணும் சரியும், அது வயலுக்குச் செய்யும் துரோகம். பின்னர் பார்க்கப்போகும் ஓர் ஆய்வில் பயன்பட்ட சரிவு வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது: 3 பாகை. அதாவது 10 மீற்றர் தூரத்துக்கு அரை மீற்றர் உயர்வு. கட்டின்மேல் ஏறும் வண்டிப்பாதையிலோ மதகடிப் பாதையிலோ அப்படி ஓர் இடம் கிடைக்கக்கூடும். மேசன்மார் மட்டம் பார்க்கும் நீர்க்குழாயால் அளந்து இரண்டு தடிகளை நட்டுவிடலாம். 3 பாகை மேட்டில் 50 கிலோ எடையுள்ள பிள்ளையைப் பின்னால் இழுக்கும் விசை ஏறத்தாழ 2.6 கிலோ எடைக்குச் சமம். சிறிய தொகைதான். ஆனால் அது ஒவ்வோர் அடியிலும், எவ்வித அதிர்வும் இல்லாமல், கயிறும் பட்டியும் இல்லாமல் கிடைக்கிறது. மேட்டில் ஓடும்போது பாதம் உடம்புக்கு முன்னால் தூரத்தில் விழ வழியில்லை என்பதும், உச்சவேகத்தைத் தொடமுடியாததால் தொடைப் பின்தசை கிழியும் ஆபத்துக் குறைவு என்பதும் பாடசாலைப் பயிற்சிக்கு இதை நான் முதலிடத்தில் வைப்பதற்கான காரணங்கள்.

மணலைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனெனில் முல்லைத்தீவுக் கடற்கரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கடற்கரையில் ஓடி வளர்ந்த புகழ் பெற்றவர்களின் கதைகளும் நம்மிடையே நிறைய உலவுகின்றன. கேரளத்தின் பயோலிக் கடற்கரையில் ஓ. எம். நம்பியாரின் கீழ்ப் பயின்ற பி. ரி. உஷா 1984 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் 55.42 செக்கனில் ஓடி, ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கால் வெண்கலத்தை இழந்தார். அவுஸ்திரேலியாவின் போட்சி மணற்குன்றுகளில் பேர்சி செருட்டி பயிற்றிய ஹேர்ப் எலியட் 1960இல் 1500 மீற்றர் தங்கம் வென்றார். ஒரு நட்சத்திரத்தின் கதையைச் சான்றாக எடுத்துக்கொள்வதில் எச்சரிக்கை தேவை. உஷா மணலால் வேகமானாரா, மணலிருந்தும் வேகமானாரா என்பதை அந்தக் கதை சொல்லாது. அளவீடுகள் சொல்வது இது: மணலில் ஓடுவதற்கு உறுதியான தரையைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி தேவை. பாதம் தரையில் அதிக நேரம் தங்குகிறது, தரை திருப்பித் தருவது மிகக் குறைவு. ஆகவே மணல் பலத்துக்கும் மூட்டுகளுக்கு ஓய்வான ஓட்டத்துக்கும் நல்லது. 0.1 செக்கனில் தரையை அடித்து எழும் கலையை மணல் கற்பிக்காது. அதை மட்டுமே ஓடிக்கொண்டிருந்தால் மறக்கவும் வைக்கலாம்.

இனித் தடைப்பயிற்சிக்கு எதிரான மிகக் கனமான ஆட்சேபத்தை எடுத்துக்கொள்கிறேன். சறுக்குவண்டிப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பெட்ராகோஸ், மொரான், எகன் ஆகியோர் 2016இல் ஒரு மதிப்பாய்வு வெளியிட்டார்கள். பாரம் இழுத்துப் பயின்றவர்கள் வேகமானார்கள் என்பது அதில் தெரிகிறது. ஆனால் பாரமே இல்லாமல் அதே அளவு வேக ஓட்டம் ஓடிப் பயின்றவர்களும் வேகமானார்கள். ஒன்று மற்றதைவிடத் தெளிவாகச் சிறந்தது என்று அந்த ஆய்வுகளால் நிறுவ முடியவில்லை. அப்படியானால் ரயர் எதற்கு, வெறுமனே ஓடிவிட்டால் போதாதா? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுத் தடைப்பயிற்சியை வியந்து எழுதுவது நேர்மையாகாது. என் பதில் இரண்டு பகுதி. முதலாவது, முழுவேகத்தில் வெறுமனே ஓடுவதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதை அந்த ஆய்வு உறுதிப்படுத்துகிறது. அதை நமது பாடசாலைகள் இன்னும் முழுதாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது 100 மீற்றர் ஓடப்போகிற பிள்ளையையும் மைதானத்தைச் சுற்றிப் பல தடவை ஓடவிடுவது பரவலான வழக்கம். அது மெதுவாக ஓடுவதற்கான பயிற்சி. 20 மீற்றரை ஆறு தடவை முழுவேகத்தில், ஒவ்வொன்றுக்குமிடையே இரண்டு மூன்று நிமிட ஓய்வோடு ஓடினால் மொத்தம் 120 மீற்றர்தான் ஆகிறது. பார்ப்பவருக்குப் பிள்ளை சும்மா நிற்பதாகத் தோன்றும். பத்து மீற்றருக்கு ஒரு நிமிட ஓய்வு என்பது பயிற்றுவிப்பாளர்களிடையே வழங்கும் பழைய கணக்கு. களைத்த கால் வேகத்தைக் கற்காது. இரண்டாவது பகுதி: நல்ல பயிற்றுவிப்பாளர் பக்கத்தில் நின்று திருத்தும் இடத்தில் வெறும் ஓட்டமே எல்லாம் கற்பிக்கலாம். ஒரே ஆசிரியர் மெய்வல்லுனரும் பார்த்து, கரப்பந்தும் பார்த்து, வகுப்பும் எடுக்கவேண்டிய இடத்தில், சாய்வையும் தள்ளலையும் பிள்ளைக்குத் தானாக உணர்த்தும் ஒரு மேடோ கயிறோ பெரிய துணை. தடைப்பயிற்சியின் மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. அது பேசாமல் திருத்துகிறது.

உதவிப்பயிற்சிக்கு வந்தால் என் வாதம் தயங்கியே நடக்கவேண்டியிருக்கிறது. அதன் அடிப்படை எண்ணம் கவர்ச்சியானது. தன் உச்சத்தைவிடச் சற்றே வேகமாக ஓடவைத்தால் நரம்புகள் அந்த வேகத்தைப் பழகிக்கொள்ளும், பின்னர் உதவி இல்லாமலும் அதை எட்டும் என்பதே அது. பின்லாந்தின் அன்ரி மெரோவும் பாவோ கோமியும் 1980களில் ஓட்டக்காரர்களை முன்னாலிருந்து இழுத்து, உச்சத்தையும் தாண்டிய வேகத்தில் ஓடவைத்து அளந்தார்கள். வெயண்டின் ஆய்விலும் இறக்கத்தில் ஓடியவர்கள் ஏற்றத்தில் ஓடியதைவிட வேகமாக ஓடினார்கள், தரையை இன்னும் பலமாக அடிக்கவும் செய்தார்கள். அதாவது நாம் உச்சம் என்று நினைப்பது காலின் கடைசி எல்லை இல்லை. இது உண்மையிலேயே ஊக்கமூட்டும் செய்தி. ஆனால் கயிற்றால் இழுக்கப்படும் உடம்பில் இன்னொன்றும் நிகழலாம். எட்டு நீள்கிறது, பாதம் உடம்புக்கு முன்னால் தூரத்தில் விழுகிறது, விழும் ஒவ்வொரு தடவையும் பிறேக் பிடிக்கிறது. வேகம் கயிற்றினுடையது, பிள்ளை அதை உண்டாக்கவில்லை, அதைச் சமாளிக்கப் பழகுகிறது. கால் முன்னே நீளும் அந்தக் கடைசிக் கணத்தில்தான் தொடைப் பின்தசை மிக இழுபடுகிறது. ஓட்டக்காரரை மாதக்கணக்கில் ஓரங்கட்டும் கிழிவுகள் பெரும்பாலும் அங்கேதான் நிகழ்கின்றன. அதனால்தான் உதவியால் கிடைக்கும் வேகம் சொந்த உச்சத்தைவிடப் பத்து வீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று பயிற்றுவிப்பாளர்கள் எல்லை வைக்கிறார்கள். அதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வதே நல்லது என்பேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு கட்டிப் பிள்ளையை ஓடவைப்பது எந்த ஆய்வாலும் நியாயப்படுத்த முடியாத செயல். விழுந்தால் கயிறு விடாது.

இறக்கத்துக்கும் அளவு உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழக வீரர்களைப் பல சரிவுகளில் ஓடவிட்டுப் பார்த்த எபனின் 2008 ஆய்வில் 5.8 பாகைச் சரிவே உடனடி வேகத்துக்கு உகந்ததாக இருந்தது. 10 மீற்றருக்கு ஒரு மீற்றர் தாழ்வு. உச்சவேகத்தைத் தேடும் கல்லூரி வீரருக்கு அது சரியாக இருக்கலாம். வெறுங்காலோடு கிரவலில் ஓடக்கூடிய பிள்ளைக்கு நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பரடிசிஸும் குக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு இன்னும் பொருத்தமானது. 3 பாகையில் ஏறி இறங்கும் மேடையொன்றில், ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒரே ஓட்டத்தில் சேர்த்து, வாரம் மூன்று நாளாக ஆறு வாரம் ஓடியவர்களின் உச்சவேகம் 3.5 வீதம் கூடியது. இறக்கத்தில் மட்டும் ஓடியவர்களுக்குக் கிடைத்தது அதில் மூன்றிலொரு பங்கு. ஓடியவர்கள் விளையாட்டு மாணவர்கள், தேசிய வீரர்கள் அல்லர், ஆகவே 3.5 வீதத்தை எல்லோருக்கும் வாக்குறுதியாகக் கொடுக்கமுடியாது. இருந்தாலும் சொல்லும் சேதி முக்கியமானது. தடையும் உதவியும் தனித்தனியே செய்வதைவிட, ஒன்றையடுத்து ஒன்று வரும்போது கால் கூடுதலாகக் கற்கிறது.

உதவியிலேயே மிகப் பாதுகாப்பானது, செலவே இல்லாதது, இந்த மண்ணுக்கே உரியது ஒன்று இருக்கிறது. அதுதான் கட்டுரையின் தொடக்கத்தில் வீசிய சோளகம். பின்காற்று செக்கனுக்கு 2 மீற்றரைத் தாண்டினால் சாதனைப் பதிவு ஏற்கப்படாது என்ற விதியே காற்று எவ்வளவு உதவும் என்பதற்குச் சாட்சி. அந்த அளவு காற்று தேர்ந்த ஓட்டக்காரரின் 100 மீற்றர் நேரத்தில் ஏறத்தாழ 0.10 செக்கனைக் குறைத்துவிடும். காற்று அடர்த்தி குறைந்த உயரங்களும் அப்படியே உதவும். 1968இல் 2,240 மீற்றர் உயரத்திலுள்ள மெக்சிக்கோ நகரில் ஜிம் ஹைன்ஸ் 9.95 செக்கனில் ஓடினார். தென்னாசியாவில் முதன்முதலாக 10 செக்கனுக்குள் ஓடிய நமது யுபுன் அபேகோன் 2022 ஜூலை 3ஆம் திகதி 9.96 செக்கன் பதிந்த சுவிஸ் நகரமான லா ஷோ-த-ஃபோனும் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில்தான் இருக்கிறது. அவர் திறமையை இது குறைக்காது. சில வாரங்களில் பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டில் 10.14 செக்கனில் வெண்கலமும் பெற்றார். காற்றின் உதவி கயிற்றைப்போல ஒரு புள்ளியில் பிடித்திழுப்பதில்லை. முதுகு முழுவதையும் மெல்லத் தள்ளுகிறது, அளவுக்கு மிஞ்சுவதுமில்லை. 30 மீற்றர் ஓடி வேகமெடுத்து, அடுத்த 20 மீற்றரைப் பின்காற்றோடு பறந்து கடக்கும் ஓட்டம் நான்கைந்து தடவை போதும். அதே மைதானத்தில் மறுதிசையில் ஓடினால் அது தடைப்பயிற்சி.

இவ்வளவும் கேட்டபின், வேகம் பிறவியில் வருவது, பயிற்சியால் வருமா என்று ஒருவர் கேட்கக்கூடும். பிறவிக்குப் பங்கு இருக்கிறது. விரைவாகச் சுருங்கும் தசைநார்களின் அளவு ஆளுக்காள் மாறுகிறது, அதில் மரபணுக்களின் கை உண்டு. ஆனால் பிறவி எல்லையைத் தொட்டுவிட்ட பிள்ளையை எங்கே பார்த்தோம்? ஒழுங்கான புறப்பாடே கற்றிராத பிள்ளையின் நேரத்தை வைத்து அதன் பிறவியை அளப்பது, விதைக்காத வயலைப் பார்த்து மண்ணைப் பழிப்பதுபோல. யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்தலில் இலங்கையின் முதல் ஆசியத் தங்கத்தை வென்றார். கேகாலை மாவட்டக் கிராமமொன்றின் வறுமையில் வளர்ந்த சுசந்திகா ஜயசிங்க 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடினார். அன்று கிடைத்த வெண்கலம், மரியன் ஜோன்ஸ் தகுதி நீக்கப்பட்டபின் வெள்ளியாயிற்று. உபகரணம் இல்லாத இடத்தில் திறமை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. ஜமேக்காவில் அசஃபா பவல் உள்ளிட்டோரைப் பயிற்றிய ஸ்டீபன் பிரான்சிஸின் கழகமும் புல்தரை ஓடுபாதையில்தான் தன் வீரர்களை உருவாக்கியது.

இன்னோர் ஆட்சேபம் இதைவிடக் கூர்மையானது. முதலில் பிள்ளைக்கு வயிறு நிறையவேண்டும், காலில் சப்பாத்து வேண்டும், ரயரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது. அது சரி. காலையில் சாப்பிடாமல் வந்த பிள்ளையை முழுவேகத்தில் ஓடவைக்கக்கூடாது. பகல் வெயிலிலும் கூடாது. ஆயினும் வேகப்பயிற்சி மற்றப் பயிற்சிகளைவிடக் குறைவாகவே சக்தி கேட்கிறது என்பதை மறக்கவேண்டாம். 120 மீற்றர் ஓட்டமும் நிறைய ஓய்வும் கொண்ட ஒரு மாலை, மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடும் மாலையைவிடப் பிள்ளையின் உடம்பிலிருந்து குறைவாகவே எடுக்கும். இந்த மண்ணுக்கென்று இன்னொரு குறையும் உண்டு. 2009 தொடக்கத்தில் போரால் ஊரே இடம்பெயர்ந்து சிதறியபோது வீடுகளும் வாசிகசாலைகளும் மட்டும் இழக்கப்படவில்லை. மூத்த ஓட்டக்காரர் இளையவருக்குப் புறப்பாட்டைக் காட்டிக்கொடுக்கும் அந்தத் தொடரும் அறுந்தது. அறுந்த இடத்தில் மீண்டும் முடிச்சுப் போட, பார்த்தவுடன் எவரும் செய்யக்கூடிய, அளந்து ஒப்பிடக்கூடிய எளிய முறைகள் தேவை.

வயதைப் பற்றி ஒரு சொல். பதின்மூன்று, பதினான்கு வயதில், உயரம் சடுதியாகக் கூடும் காலத்தில் எலும்பின் முனைகள் இன்னும் இளசு, தசைநாண்கள் எலும்பின் வளர்ச்சியை எட்டிப்பிடிக்க அவதிப்படுகின்றன. அந்த வயதில் பெரிய பாரமும் வேண்டாம், இழுத்துவிடும் கயிறும் வேண்டாம். சிறு மேடு, துரத்திப்பிடிக்கும் விளையாட்டு, அஞ்சல் ஓட்டம் இவையே போதும். பதினாறுக்கு மேல், வடிவம் ஓரளவு நிலைத்த பிறகு ரயரைக் கொண்டுவரலாம். அதுவும் வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் இல்லை, ஒரு நாளில் ஆறு ஓட்டத்துக்கு மேல் இல்லை. ஒவ்வொரு நாளும் கடைசி இரண்டு ஓட்டங்கள் பாரம் கழற்றிய வெறும் ஓட்டமாக இருக்கட்டும், ஏனெனில் போட்டியில் ஓடப்போவது அதைத்தான்.

மாரி மழையில் மைதானம் சேறாகி, ஆண்டுத் தொடக்கத்தில் இல்லப் போட்டி வரும் வழமையில், இந்த வேலைக்குரிய காலம் சோளகம் வீசும் வறண்ட மாதங்கள்தாம். ஒரு கைபேசி, 20 மீற்றர் இடைவெளியில் இரண்டு தடிகள், ஒரு அப்பியாசக் கொப்பி. கைபேசியின் மெதுவியக்க ஒளிப்பதிவில் சட்டங்களை எண்ணினால் நூறிலொரு செக்கன்வரை நேரம் கிடைக்கும். விரல் அழுத்தும் கடிகாரத்தைவிட அது நம்பத்தக்கது. கொப்பியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு நிரல்கள் போதும்: திகதி, வெறும் ஓட்டத்தின் நேரம், தடையோடு ஓடிய நேரம், அன்று காற்று எந்தப் பக்கம். ஆறு வாரம் கழிந்தபின் இரண்டாவது நிரலில் எண் குறைந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குறையாவிட்டால் பாரத்தைக் கூட்டுவதற்கு முன் ஓய்வைக் கூட்டிப் பார்க்கவேண்டும்.